நிறுத்தி வைத்த டிராக்டரில் பாட்டரி இறங்குவது ஏன்?

சேற்றுழவுக்குப் போக வேண்டிய காலையில் சாவியைத் திருகினால் 'டிக்' என்ற ஓசையோடு டிராக்டர் நின்றுவிடுகிறது. முந்திய வாரம் நன்றாக ஓடிய வண்டிதான். பாட்டரி போய்விட்டது என்று விவசாயிகள் பலர் உடனே புதிது வாங்கிவிடுகின்றனர். கசிவு வண்டியின் ஒயரில் இருந்தால் புது பாட்டரியும் சில நாட்களில் இறங்கிவிடும். ஆகவே கோளாறு எங்கே என்று முதலில் பிரித்தறிவது அவசியம்.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பாட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு நான்கு நாட்கள் வைக்க வேண்டும். பிறகு மாட்டினால் வண்டி எளிதில் கிளம்புகிறதா? அப்படியானால் பாட்டரி நல்லது, வண்டியில்தான் கசிவு. கழற்றி வைத்தும் இறங்கினால் பாட்டரியே பழுது. மீட்டர் உள்ளவர்கள் வோல்ட் பார்க்கலாம். சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஓய்வில் இருந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி இறங்கிவிட்டது. ஹைட்ரோமீட்டரில் ஆறு அறைகளையும் பார்க்கும்போது ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவு குறைந்திருந்தால் அந்த அறை கெட்டுவிட்டது எனலாம்.

பாட்டரியின் மேல்புறத்தில் படியும் அமில ஈரமும் புழுதியும்கூட மின்சாரத்தைக் கசியவிடும். மூடிகளை இறுக மூடி, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைக்க வேண்டும். அறைகளில் அளவு குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கிணற்று நீரோ அமிலமோ கூடாது.

எஞ்சின் ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நடுத்தர வேகத்தில் பாட்டரி முனைகளில் சுமார் 14 வோல்ட் இருக்கலாம். 13-க்கும் குறைந்தால் முதலில் பெல்ட் தளர்ச்சியைக் கவனிக்க வேண்டும்.

இனி கசிவைத் தேடும் முறை. சாவி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். பாட்டரியின் எந்த முனையிலிருந்து வண்டியின் உடலுக்கு ஒயர் செல்கிறதோ அதுவே எர்த். அந்த ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் முனைக்கும் இடையே 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றை இணைக்க வேண்டும். பல்பு எரிந்தால் கசிவு உண்டு. பிரகாசமாக எரிந்தால் கசிவு பெரிது: ஏறத்தாழ 0.4 ஆம்பியர் போகிறது. நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி வீதம், 80 ஆம்பியர்-மணி பாட்டரி நான்கே நாட்களில் பாதியாகிவிடும்!

பல்பு எரியும்போதே பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எதை எடுத்ததும் அணைகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. டிரெய்லர் விளக்கின் சாக்கெட்டில் ஈரம், எலி கடித்த ஒயர், ஒட்டிக்கொண்ட பிரேக் விளக்கு ஸ்விட்ச், பின்னால் மாட்டிய டேப் ரிக்கார்டர் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். பின்னால் சேர்த்த இணைப்புகள் பெரும்பாலும் பியூஸ் இல்லாமலே போடப்படுகின்றன. அவற்றைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

பியூஸ் எல்லாம் எடுத்தும் பல்பு எரிந்தால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம். முதலில் பல்பை நீக்கிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றி, அதன் நுனி உலோகத்தில் படாதபடி துணி சுற்ற வேண்டும். மீண்டும் பல்பை இணைக்கும்போது எரியாவிட்டால் உள்ளிருக்கும் டயோடு பழுது. டைனமோ உள்ள பழைய வண்டிகளில் கட்-அவுட் ஒட்டிக்கொள்வதும் இதே விளைவைத் தரும்.

சிறு கசிவுக்கு இந்த பல்பு எரியாது. அதற்கு மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து அதே இடத்தில் இணைக்கலாம். 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டினால் தேடத்தான் வேண்டும். பல்போ மீட்டரோ இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருகவே கூடாது, மீட்டர் வீணாகும்.

பாட்டரியில் ஹைட்ரஜன் வாயு உண்டாவதால் அருகில் பீடி, தீக்குச்சி ஆகாது. கழற்றும்போது எர்த் முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். கண்ணில் அமிலம் பட்டால் நிறைய நீரால் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அறுவடைக்குப் பின் மாதக் கணக்கில் வண்டி நிற்குமானால் எர்த் ஒயரைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும். இறங்கிய நிலையிலேயே கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய சக்தி வராது.