கல்லுப்பு போட்டால் கடலாகிவிடுமா?

நன்னீர் மீன் சோர்ந்து கிடந்தால் தொட்டியில் ஒரு சிட்டிகை கல்லுப்பு போடுவது நம் ஊர்க் கைவைத்தியம். பல நேரம் கேட்கவும் செய்யும். அந்தத் தைரியத்தில், பவளத்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களும் “உப்புதானே, அண்ணாச்சி கடையில் வாங்கிக் கரைத்தால் ஆச்சு” என்கிறார்கள்.

ஆகாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதில் முக்கால் பங்குக்கும் மேல் நாம் சாப்பிடும் உப்புதான். ஆனால் பவளத்துக்கு உயிர்நாடி மீதியில் இருக்கிறது. லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் உள்ள கால்சியத்தை எடுத்துத்தான் அது தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதைப் பாருங்கள். கடல்நீர் வற்ற வற்ற, கால்சியத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முதலில் படிந்துவிடும். அப்புறம்தான் பாத்தியில் உப்பு விளையும். மெக்னீசியமோ கடைசிவரை கரைசலிலேயே தங்கி, கசப்பு நீரோடு வெளியேறும். பவளத்துக்கு வேண்டியதையெல்லாம் கழித்துவிட்டு மிஞ்சியதே கல்லுப்பு. கடல் தொட்டிக்கென விற்கும் உப்புக் கலவையில் இவற்றையெல்லாம் அளவாகச் சேர்த்திருப்பார்கள். விலை கையைக் கடிக்கும்தான், வேறு வழியில்லை.

தொட்டியில் நீர் குறைந்தால் உப்புநீரை ஊற்றி நிரப்புவதும் தப்பு. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயேதான் இருக்கும். ஊற்ற வேண்டியது சுத்திகரித்த நல்ல தண்ணீர். சின்னத் தொட்டி என்றால் இந்த உப்பளவு இன்னும் வேகமாக ஏறும். முதல்முறை வைப்பவருக்குச் சின்னத் தொட்டிதான் சுலபம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ!

“பவளம் வெப்பக்கடல் உயிர்தானே, சென்னை வெயில் அதை என்ன செய்துவிடும்?” நிறையவே செய்யும். கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே போதும். தன் சதைக்குள் தங்கி உணவு சமைத்துத் தரும் நுண்பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் கோடையில் இதுதான் நடந்தது.

வெளுத்ததெல்லாம் செத்தது என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால், வெள்ளைக் கூட்டின்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய சதையும் குட்டி உணர்விழைகளும் தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசியும் நிறமும் திரும்பக்கூடும். சதை போய், வெறும் கூட்டின்மேல் அழுக்குப் பச்சையாய்ப் பாசி படரத் தொடங்கினால்தான் கதை முடிந்தது.

இன்னொன்று: “ராமேஸ்வரம் பக்கம் கடலில் ஒரு துண்டு உடைத்து எடுத்து வந்தால் காசு மிச்சம்.” பவளம் கல் அல்ல, விலங்கு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் பாறை கட்டும் பவளங்களும் இருக்கின்றன. பிடிபட்டால் ஜாமீனுக்கு அலைய வேண்டியதுதான்.