நிலத்தோடு பிணைக்கப்பட்ட மக்கள்
மத்திய கால இங்கிலாந்தில் குடியானவர் வாழ்க்கை

மேலை நாட்டு வரலாற்றைப் படிக்கும்போது மன்னர்களின் போர்களையும் பிரபுக்களின் கோட்டைகளையும் பற்றியே நாம் மிகுதியாகக் கேள்விப்படுகிறோம். அம்மன்னனுக்கும் பிரபுவுக்கும் உணவளித்த குடியானவனைப் பற்றிக் கேள்விப்படுவது குறைவு. ஆயினும் அவன் வாழ்ந்த வகையை அறிவதற்குப் பண்ணைக் கணக்குகளும் பண்ணை நீதிமன்றப் பதிவுச் சுருள்களும் இன்றும் எஞ்சியுள்ளன. 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் வாழ்ந்த உழவரின் நிலையை இப்பாடத்தில் ஆராய்வோம். பிறப்பால் வரும் அடிமைநிலை எவற்றால் தாங்கி நிற்கிறது? அது எவற்றால் தளர்கிறது? இவ்விரு வினாக்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு படிப்பது நலம்.

1. 'வில்லன்' என்னும் பெயர்

1066இல் நார்மண்டி நாட்டு வில்லியம் இங்கிலாந்தை வென்றான். நிலமெல்லாம் மன்னனுடையது என்பது அவன் கொள்கை. மன்னனிடமிருந்து பெரும் பிரபுக்களும், அவர்களிடமிருந்து சிறு பிரபுக்களும் நிலம் பெற்றனர். திருச்சபையின் மடங்களும் பெரும் பண்ணைகளுக்கு உரிமை பூண்டிருந்தன. யார் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை குடிகள் உள்ளன என்பதை 1086இல் வில்லியம் கணக்கெடுக்கச் செய்தான். 'டூம்ஸ்டே' ஏடு எனப்படும் அக்கணக்கில் பதிவான மக்களுள் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் முழு அடிமைகள். அப்பிரிவு 12ஆம் நூற்றாண்டில் மறைந்தது. ஆனால் அவ்வேட்டில் மிகப் பெருந்தொகையினராகக் காணப்படும் 'வில்லின்' என்னும் கட்டுக்குடியானவரின் தளை, பின்வந்த நாட்களில் சட்டத்தால் மேலும் இறுகியது.

கிராமப் பண்ணையைக் குறிக்கும் 'வில்லா' என்னும் இலத்தீன் சொல்லின் வழியே வந்தது இப்பெயர். பண்ணையில் உழைப்பவன் என்பதே அதன் பொருள். காலப்போக்கில் மேன்மக்கள் வாயில் அச்சொல் பண்பற்றவன், கயவன் என்னும் பொருளை ஏற்றது. நம் நாடகங்களிலும் திரைப்படங்களிலும் தீயவனைக் குறிக்க நாம் வழங்கும் 'வில்லன்' என்னும் சொல் இதுவே. உழுது உலகை ஊட்டியவனின் தொழிற்பெயர் வசைப்பெயராயிற்று. ஒரு மக்கட் கூட்டத்தைத் தாழ்த்துவோர் முதலில் அதன் பெயரைத் தாழ்த்துகின்றனர் என்பதற்கு இது சான்று.

2. உழைப்பும் வீடும்

கிராமத்து நிலம் பெரும்பாலும் மூன்று பெருவயல்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒன்றில் இலையுதிர்காலத்தில் கோதுமையும், மற்றொன்றில் வசந்தகாலத்தில் வாற்கோதுமை, ஓட்ஸ், பட்டாணி போன்றவையும் விதைத்தனர். மூன்றாவது வயலை அவ்வாண்டு தரிசாக விட்டுக் கால்நடைகளை மேயவிட்டனர். ஒவ்வொரு குடிக்கும் உரிய நிலம் ஓரிடத்தில் இல்லாது நீண்ட துண்டுகளாக மூன்று வயல்களிலும் சிதறிக் கிடந்தது. நல்ல நிலையிலிருந்தவனிடம் ஏறக்குறைய 30 ஏக்கர் இருக்கும். பலரிடம் அதிற் பாதியோ, சில ஏக்கரோ மட்டும் இருந்தது.

இந்நிலத்துக்கு ஈடாக அவன் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் இதற்கு மேலும் சில நாட்கள் குடும்பத்தோடு செல்ல வேண்டும். மழைக்கு முன் தன் கதிரை அறுக்க விரும்பினாலும், பிரபுவின் கதிரை அறுத்த பின்னரே தன் வயலுக்குத் திரும்பலாம்.

அவன் வீடு மரச்சட்டத்தின்மேல் மிலாறும் மண்ணும் அப்பிய சுவரும் வைக்கோற் கூரையும் உடையது. நடுவே அடுப்பு. புகை போகத் தனி வழி இல்லை. பலர் கால்நடைகளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். முரட்டு ரொட்டியும் தானியமும் பருப்பும் கீரையும் இட்ட கூழுமே உணவு. பெண்கள் நூல் நூற்றனர், பால் கறந்தனர், பார்லி மதுவைக் காய்ச்சினர், அறுவடையில் ஆடவரோடு நின்றனர். 1315 முதல் 1317 வரை இடையறா மழையால் விளைச்சல் பொய்த்தபோது பஞ்சத்தில் பெருந்தொகையினர் மடிந்தனர்.

3. பிறப்பின் விலை

வறுமை மட்டுமே இவனது துன்பம் என்று எண்ணற்க. சிறிது நிலமே உடைய சுதந்திரக் குடிகளும் வறியராயிருந்தனர். கட்டுக்குடியானவனின் துன்பம் வேறு வகையினது. அவன் நிலை பெற்றோரிடமிருந்து வந்தது, பிள்ளைகளுக்குச் சென்றது. நிலம் கைமாறினால் அவன் குடும்பமும் அதனோடு கைமாறிற்று. மகளை மணம் செய்து கொடுக்கப் பிரபுவுக்குப் பணம் செலுத்த வேண்டும். மகனைப் படிக்க வைத்துக் குருவாக்கவும் பிரபுவின் இசைவு வேண்டும். ஊரைவிட்டு வெளியே வாழ ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. குடும்பத் தலைவன் இறந்தால் தொழுவத்தின் சிறந்த மாடு பிரபுவுக்கும், அடுத்த சிறந்த மாடு கோயிற்குருவுக்கும் செல்லும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. விளைச்சலில் பத்திலொரு பங்கு தேவாலயத்துக்கு உரியது.

பிரபுவின்மேல் அவன் வழக்காட இயலுமோ? இயலாது. அரசனின் நீதிமன்றம் அவனுக்கு மூடியிருந்தது. பண்ணை நீதிமன்றமோ பிரபுவினுடையது.

இவ்வேற்பாட்டுக்குச் சமயமும் விளக்கம் தந்தது. வழிபடுவோர், போரிடுவோர், உழைப்போர் எனச் சமுதாயம் மூவகையாக இறைவனால் வகுக்கப்பட்டது என 11ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு லாவோன் நகரத்துப் பிஷப் அடல்பெரோ முதலியோர் எழுதினர். முதல் இரு வகையினர் எழுதிய இவ்விதியில் மூன்றாம் வகையினரின் கருத்தை யாரும் கேட்டிலர்.

4. திரிகைக் கற்களின் கதை

லண்டனுக்கு வடக்கேயுள்ள செயின்ட் ஆல்பன்ஸ் ஊரும் அதன் சுற்றுக் கிராமங்களும் அங்குள்ள மடத்தின் உடைமைகள். தானியத்தை மடத்தின் ஆலையிலேயே அரைத்து அதற்கு வரி செலுத்த வேண்டும் என்பது மடாதிபதியின் ஆணை. மக்களோ வீட்டில் கைத்திரிகை வைத்து அரைத்தனர். 1327 முதல் 1336 வரை மடாதிபதியாயிருந்த ரிச்சர்டு என்பவர் அத்திரிகைகளைப் பறிமுதல் செய்து, அக்கற்களைத் தம் மடத்துக் கூடத்தின் தரையில் பதித்தார். இவர் ஒரு கருமானின் மகன். வானநூலில் பேரறிஞர். எளிய பிறப்பும் உயர்ந்த கல்வியும் மட்டும் ஒருவரை ஏழைக்கு இரங்கச் செய்துவிடா என்பதை இங்கு நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1348இல் கொள்ளைநோய் இங்கிலாந்தை அடைந்தது. மக்களில் மூன்றிலொரு பங்கினரோ, அதற்கு மேலுமோ மாண்டனர். உழைக்கும் கைகள் குறைந்தமையால் கூலி உயர்ந்தது. உடனே 1351இல் பாராளுமன்றம் தொழிலாளர் சட்டம் இயற்றி, நோய்க்கு முற்பட்ட கூலிக்கு மேல் யாரும் கேட்கலாகாது எனத் தடுத்தது. போருக்குப் பணம் வேண்டி 1377, 1379, 1380 ஆகிய ஆண்டுகளில் தலைவரி விதிக்கப்பட்டது. மூன்றாம் முறை 15 வயது நிரம்பியவர்களுக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங் வீதம் தண்டினர்.

1381இல் எசெக்ஸ், கென்ட் பகுதி மக்கள் கிளர்ந்தனர். வாட் டைலர் தலைமை தாங்கினார். ஜான் பால் என்னும் எளிய குரு, ஆதியில் மனிதர் யாவரும் சமமாகவே படைக்கப்பட்டனர், அடிமைத்தனம் தீயோர் செய்தது என்று போதித்தார். மக்கள் பல பண்ணைகளில் பதிவுச் சுருள்களைத் தேடி எரித்தனர். தம் பிறப்பை அடிமைப் பிறப்பு என்று சொன்னவை அச்சுருள்களே அன்றோ! ஜூன் 14இல், 14 வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்டு அடிமைநிலையை ஒழிப்பதாக வாக்களித்துப் பட்டயங்கள் எழுதித் தந்தான். மறுநாள் டைலர் மன்னன் முன்னிலையிலேயே வெட்டப்பட்டார்.

அந்நாட்களில் செயின்ட் ஆல்பன்ஸ் மக்கள் மடத்துட் புகுந்தனர். அவர்கள் பொன்னைத் தேடவில்லை. தரையைப் பெயர்த்துத் தம் முன்னோரின் திரிகைக் கற்களை எடுத்தனர். அவற்றை உடைத்து, கோயிலில் ஞாயிறுதோறும் வழங்கும் ரொட்டியைப்போல் வீட்டுக்கொரு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டனர். ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அவர்கள் மறக்கவில்லை.

ஜூலை 2இல் மன்னன் தன் பட்டயங்களைச் செல்லாதவை என்றான். அம்மாதம் 15இல் ஜான் பால் செயின்ட் ஆல்பன்ஸில் கொல்லப்பட்டார். அவ்வூர்த் தலைவர் வில்லியம் கிரிண்ட்காப், மடாதிபதியிடம் பெற்ற உரிமைப் பட்டயங்களைத் திருப்பித் தருமாறு ஊராரை இணக்கினால் உயிர் தப்பலாம் என்ற நிலையில் வெளியே விடப்பட்டார். அவரோ, தம் உயிருக்காக உரிமையை விட்டுவிட வேண்டாம் என்று ஊராரிடம் கூறிவிட்டுத் தூக்குமரம் ஏறினார்.

5. நாம் அறிவது

கிளர்ச்சி தோற்றது. ஆயினும் அத்தகைய தலைவரியை மீண்டும் விதிக்க அரசு நெடுங்காலம் துணியவில்லை. ஆட்கள் கிடைக்காமையாலும், குடிகள் பழைய கட்டாய உழைப்புக்கு இணங்காமையாலும் 15ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் நிலத்தைப் பணக் குத்தகைக்கு விட்டனர். அரசப் பண்ணைகளில் எஞ்சியிருந்த கட்டுக்குடிகளைப் பணம் பெற்று விடுவிக்க 1574இல் எலிசபெத் அரசி ஆணையிட்டாள். அடிமைநிலையை ஒழிக்கும் சட்டம் என்று ஒன்று இங்கிலாந்தில் இயற்றப்படாமலே அது தேய்ந்து மறைந்தது.

ஆகவே நம் முதல் வினாவுக்கு விடை இது: நிலம், நீதிமன்றம், இழிபெயர், இறைவன் வகுத்தது என்னும் போதனை ஆகிய நான்கு தூண்களின்மேல் அவ்வடிமைநிலை நின்றது. இரண்டாம் வினாவுக்கு விடை: காலத்தின் மாற்றம் அதனைத் தளர்த்தியது. ஆனால் காலம் மட்டும் அதனைத் தளர்த்தவில்லை. தம் பிறப்பு இழிந்தது என்னும் சொல்லை ஏற்க மறுத்த மக்களும் தளர்த்தினர். அம்மறுப்பின் சின்னமே அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்ற அந்தக் கல் துண்டு.