நரி வெங்காயத்தை இனங்காணும் முறை

ரமணாசிரமத்தின் பின்னே எழும் அருணாசல மலையைப் போன்ற கற்பாங்கான குன்றுகளும் கரம்பு நிலங்களும் நம் ஜில்லாவில் பல உண்டு. தமிழ்நாட்டில் இத்தகைய வறண்ட நிலங்களில் தானே முளைக்கும் பூண்டுகளுள் நரி வெங்காயம் ஒன்று. இதனைக் காட்டு வெங்காயம் என்றும், வடமொழியில் வனபலாண்டு என்றும் வழங்குவர். பெயரை நம்பி இதனை உண்பது உயிருக்கே கேடாக முடியும். ஆதலின் ஆடுமாடு மேய்ப்போரும் குடியானவர்களும் இதனை நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

உண்மையான வெங்காயக் குலத்திலும் காட்டு ஜாதிகள் உள்ளன. கானரித் தீவுகளுக்கே உரிய ஜாதி ஒன்றுண்டு. இந்தியாவில் இமயமலைப் பகுதியில் பல காணப்படுகின்றன. நரி வெங்காயமோ அக்குலத்தைச் சேர்ந்ததன்று. தற்காலத் தாவர நூலார் இதனைத் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தில் வைத்துள்ளனர்.

இரண்டையும் பிரித்தறியும் அடையாளங்களாவன:

1. வெங்காயத்தை நறுக்கினால் கந்தகச் சத்தினால் காரநெடி எழும். நரி வெங்காயத்தில் அந்நெடி இராது.

2. வெங்காயத்தாள் குழல்போல் உள்ளே வெறுமையாயிருக்கும். நரி வெங்காயத்தின் இலை தட்டையானது.

3. வெங்காயப் பூக்கள் தண்டின் நுனியில் பந்துபோல் திரண்டிருக்கும். நரி வெங்காயமோ கோடையில் இலையின்றியே ஓரடிக்கு மேற்பட்ட தண்டு விட்டு, அதில் மங்கிய நிறப் பூக்களை இடைவிட்டுத் தாங்கும். இலைகள் பின்னரே தோன்றும்.

இக்கிழங்கிலுள்ள கிளைக்கோசைடு என்னும் பொருள்கள் இருதயத்தைத் தாக்குவன. மிகச் சிறு அளவில் இது இருமல் மருந்துகளில் சேர்க்கப்பட்டதுண்டு. அளவு மிகின் வாந்தியும் பேதியும் உண்டாகி, நாடி தளர்ந்து, மரணமும் நேரலாம். மத்தியதரைக்கடல் நாடுகளில் வளரும் இதன் சிவப்பு இனத்தை எலிப் பாஷாணமாகவே உபயோகித்தனர். எனவே மருந்தென்று எண்ணியும் இதனை வீட்டில் அரைத்துக் கொடுத்தலாகாது.

விளைநிலத்திலும் மேய்ச்சல் தரையிலும் இது காணப்படின், பூந்தண்டு தெரியும் காலத்தில் கிழங்கை முழுமையாகத் தோண்டி எடுத்தல் வேண்டும். கிழங்கின் செதில்களிலிருந்தும் புதுச்செடி உண்டாகுமாகையால் ஏரினால் சிதைத்து விடுதல் தவறு. சாறு பட்டால் தோல் அரிக்கும், கையுறை அணிக. எடுத்தவற்றை வரப்பில் எறியாது ஆழப் புதைத்திடுக. காட்டிலுள்ளவற்றைத் தொட வேண்டுவதில்லை.

மனிதர் எவரேனும் இதனை உண்டுவிடின், கைவைத்தியத்தில் காலம் போக்காது, எஞ்சிய கிழங்குடன் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. கால்நடையாயின் கால்நடை வைத்தியரை அழைத்திடுக. மந்தையுடன் செல்லும் சிறுவர்களுக்கு மேற்கண்ட அடையாளங்களைச் செடியைக் காட்டியே விளக்கி வைத்தல் பெரியோர் கடமையாகும்.