பனியன் கம்பெனிப் பெண்களும் நீர்க்கடுப்பும்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைக்கும் பெண்களுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருவது ஏன்?

பதில்: நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமாகும் சிறுநீர்ப் பாதைத் தொற்று, கிருமி தங்கும் இடத்தைப் பொறுத்துச் சிறுநீர்த்தாரை, சிறுநீர்ப்பை, சிறுநீரகத் தொற்று என மூவகைப்படும். இத்தொற்றுக்குப் பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவே காரணம். பெண்களின் சிறுநீர்த்தாரை சுமார் 4 செ.மீ. நீளமே என்பதால் கிருமி எளிதில் மேலேறுகிறது. பீஸ்ரேட் (உருப்படிக் கணக்கில் கூலி) அவசரத்தில் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கியபடி மெஷினில் உட்கார்ந்திருப்பது அதற்கு வழிவிடுகிறது. எரிச்சல், அடிக்கடி முட்டுதல், அடிவயிற்று வலி, கலங்கிய சிறுநீர் ஆகியவை சிறுநீர்ப்பைத் தொற்றின் அறிகுறிகள். குளிர்காய்ச்சல், விலாப்புற வலி, வாந்தி இருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொழிலாளர்களுக்குக் குடிநீரும் கழிப்பறையும் தருவது சட்டப்படி நிர்வாகத்தின் கடமை.