தலைச்சன் மகளுக்குப் பட்டம் உண்டா?

நம்பிக்கை: எலிசபெத் மகாராணி எழுபது ஆண்டு ஆண்டாரே! பிரிட்டனில் மகனுக்கும் மகளுக்கும் என்றைக்குமே சம உரிமைதான்.

உண்மை: எலிசபெத்துக்குப் பட்டம் கிடைத்தது தம்பி இல்லாததால். அவர் தந்தை ஆறாம் ஜார்ஜுக்குப் பிறந்த இரண்டும் பெண். 1952-இல் அவர் கண்மூடும்வரை எப்போது ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தாலும் மூத்தவர் ஒதுங்க வேண்டியதுதான். எலிசபெத்தின் மகள் ஆனுக்கு அதுதான் நடந்தது. 1950-இல் பிறந்தவர் அவர். 1960-இல் ஆண்ட்ரூவும் 1964-இல் எட்வர்டும் பிறக்கப் பிறக்க வரிசையில் பின்னால் போனார். பிறகு தம்பிகளின் பிள்ளைகளும் அவரை முந்தினார்கள்.

2011 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், அந்த முடியைத் தலைமையாக ஏற்ற 16 நாடுகளும் விதியை மாற்ற ஒப்புக்கொண்டன. 2013-இல் சட்டம் வந்தது. 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2011 அக்டோபர் 28-க்குப் பின் பிறந்தவர்களுக்கே அது செல்லும். ஆன் இழந்த இடம் இழந்ததுதான். பலன் பெற்றவர் வில்லியமின் மகள் சார்லட். 2018-இல் தம்பி லூயி பிறந்தபோது அக்காவின் இடம் அசையவில்லை.

நம்பிக்கை: அரியணை ஆண்களுக்கே என்பது ஐரோப்பாவின் ஆதிகாலச் சட்டம்.

உண்மை: ‘சாலிக் சட்டம்’ என்று இதற்குப் பெரிதாகப் பெயர் சொல்வார்கள். ஃபிராங்க் மக்களின் அந்தப் பழைய தொகுப்பில் நிலம் யாருக்குப் போகும் என்ற பேச்சு உண்டு. அரியணையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பிரான்சில் நடந்தது வேறு. 1316-இல் பத்தாம் லூயி இறந்தபோது அவருடைய மகள் ஜோனுக்கு வயது நான்கு. தந்தை இறந்த பின் பிறந்த தம்பி ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. சித்தப்பா பிலிப் முந்திக்கொண்டு முடிசூடினார். ஜோனின் தாய்மீது ஏற்கெனவே கள்ள உறவுப் பழி இருந்தது பிலிப்புக்கு வசதியாகப் போயிற்று. முடி தலையில் ஏறிய பிறகுதான், 1317-இல், பிரபுக்களின் சபை கூடிப் பெண்ணுக்குப் பட்டம் இல்லை என்று அறிவித்தது. சாலிக் சட்டத்தைத் தேடி எடுத்து இதற்குச் சான்றாக ஒட்டவைத்ததெல்லாம் பிற்காலத்தார் வேலை.

அந்தப் பிலிப் 1322-இல் இறந்தபோது எஞ்சியிருந்தது மகள்கள் மட்டுமே. அண்ணன் மகளுக்கு அவர் செய்ததை அவர் மகள்களுக்கு அவருடைய தம்பி சார்லஸ் செய்தார். 1328-இல் சார்லஸும் ஆண் வாரிசு இல்லாமல் போக, நேர்க்கிளையே முடிந்தது. பங்காளி வீடான வாலுவாவுக்கு அரியணை போனது.

நம்பிக்கை: திருவிதாங்கூர் தாய்வழி மரபு. ஆகவே அங்கே ஆட்சி பெண்களுடையது.

உண்மை: வழி பெண்ணுடையது, பட்டம் ஆணுடையது. மருமக்கத்தாயத்தில் ராஜாவுக்குப் பின் வருபவர் அவருடைய சகோதரியின் மகன். ராஜாவின் சொந்த மகனுக்கும் இடமில்லை, மகளுக்கும் இல்லை. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்து நின்ற ‘தம்பிமார்’ முந்தைய ராஜாவின் பிள்ளைகள்தாம். கௌரி லட்சுமி பாயி 1810-இல் ஆட்சிக்கு வந்தபோது ஏற்கத் தகுந்த ஆண் வாரிசு இல்லை. 1813-இல் மகன் சுவாதித் திருநாள் பிறந்ததும் அவர் பெயரால் ஆண்டார். சேது லட்சுமி பாயி 1924 முதல் 1931 வரை திறமையாக ஆண்டதும் சித்திரைத் திருநாளுக்கு வயது வரும்வரைதான்.

நம்பிக்கை: மன்னர் மனம்வைத்தால் ஒரே நாளில் மாற்றிவிடலாம்.

உண்மை: சுவீடனில் மன்னருக்கு விருப்பமில்லாமலே மாறியது. 1979 மே மாதம் பிறந்த இளவரசர் கார்ல் பிலிப், நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தத்தால் 1980 ஜனவரி 1 அன்று பட்டத்து உரிமையை அக்கா விக்டோரியாவிடம் இழந்தார். பிறந்த பிள்ளையிடமிருந்து பறிக்கலாமா என்பது தந்தையின் மனக்குறை. நார்வே 1990-இல் அந்தச் சங்கடத்தைத் தவிர்த்தது. சம உரிமை இனிப் பிறப்பவர்களுக்கே என்றது. அதனால் அங்கே மூத்தவர் மார்த்தா லூயிஸ் இருக்க, தம்பி ஹாகோன் பட்டத்து இளவரசரானார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 1989-இல் மகளுக்குக் கிடைத்த பூர்வீகச் சொத்துரிமை போன்றதல்ல இது. வயலை வரப்பு போட்டுப் பிரிக்கலாம், அரியணையைப் பிரிக்க முடியாது. ‘சமம்’ என்று இங்கே சொல்வது தலைச்சன் பிள்ளை எதுவானாலும் அதற்கே என்பதைத்தான். இளையவர்களுக்குப் பழைய அநீதி அப்படியே தொடர்கிறது.

நம்பிக்கை: ஜப்பானில் பெண் ஒருபோதும் அரியணை ஏறியதில்லை.

உண்மை: எட்டுப் பெண்கள் பத்து முறை ஏறியிருக்கிறார்கள்; இருவர் இரண்டு முறை. முதலில் 592-இல் சுய்கோ. 715-இல் கென்மெய் அரசி பதவி விலகி மகள் கென்ஷோவிடம் ஆட்சியைக் கொடுத்தார். கடைசியாக 1762-இல் கோ-சகுராமாச்சி. இவர்கள் எல்லோரும் தந்தைவழியில் அரச மரபினர் என்று பெண் அரியணை ஏறுவதை எதிர்ப்போர் சொல்வது சரியே. கென்ஷோவின் தந்தையும் பேரரசர் ஒருவரின் மகன்தான். பெண் ஆளலாமா என்பது ஒரு கேள்வி, அவள் வயிற்றுப் பிள்ளை ஆளலாமா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு ஜப்பானிய வரலாறு பத்து முறை ‘ஆம்’ சொல்லியிருக்கிறது.

கதவை அடைத்தது 1889-ஆம் ஆண்டின் அரச குடும்பச் சட்டம். அதற்கு முந்தைய வரைவு ஒன்றில் பெண்ணுக்கும் இடம் இருந்தது; இனோவே கோவாஷி என்ற அதிகாரி கடுமையாக எதிர்த்தார். ஆக, ‘தொன்மை’ எனப்படும் இந்தத் தடை ரயில் ஓடத் தொடங்கிய காலத்தது.

ஆண்வழி இத்தனை தலைமுறை அறாமல் வந்ததன் சூட்சுமம் அந்தப்புரத் துணைவியர். மெய்ஜி பேரரசரும் சரி, அவர் மகன் தாய்ஷோவும் சரி, பட்டத்தரசிக்குப் பிறந்தவர்கள் அல்லர். 1947-இன் புதுச்சட்டம் முறைப்படி மணந்த மனைவியின் பிள்ளைக்கே உரிமை என்றது. தத்தெடுப்புக்கு இருந்த தடையையும் தொடர்ந்தது. அதே ஆண்டில் 11 கிளைக் குடும்பங்கள் அரச வீட்டைவிட்டு வெளியேறின. மரபைத் தாங்கிய முட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஆணுக்கே என்ற நிபந்தனையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விளைவு, 1965-க்குப் பின் 41 ஆண்டுகள் அந்தக் குடும்பத்தில் ஆண் குழந்தையே பிறக்கவில்லை.

2005-இல் அரசு அமைத்த குழு, மூத்த பிள்ளைக்கே பட்டம், ஆணோ பெண்ணோ என்று பரிந்துரைத்தது. மறு ஆண்டு அப்போதைய பேரரசரின் இளைய மருமகள் கருவுற்ற செய்தி வந்தது. மசோதா கிடப்பில் போனது. செப்டம்பரில் ஹிசாஹிதோ பிறந்தார். இனி அவரை மணக்கப்போகிறவள் மகன் பெற்றே ஆக வேண்டும். நருஹிதோ பேரரசரின் ஒரே பிள்ளை ஐகோ, ஹிசாஹிதோவுக்கு ஐந்து வயது மூத்தவர். பெண் அரியணை ஏற மக்களில் பெரும்பாலோர் ஆதரவு என்று கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன. ஆனால் 1947 சட்டப்படி, சாமானியர் ஒருவரை ஐகோ மணந்தால் அரச குடும்பத்திலேயே அவருக்கு இடம் கிடையாது.