கரு வைத்தபின் படுத்தே கிடக்கணுமா?

கேள்வி: அடுத்த வாரம் எனக்குச் சோதனைக்குழாய் சிகிச்சையில் (ஐ.வி.எஃப்) கரு வைக்கப்போகிறார்கள். ஆட்டோவில் குலுங்கினால் நழுவிவிடும், பதினைந்து நாள் படுத்தே இரு என்கிறார் மாமியார். சரியா?
– வாசகி, பிள்ளைச்சாவடி

பதில்: தாராளமாக ஆட்டோவில் வாருங்கள். கருப்பையின் இரண்டு சுவர்களும் ஒட்டியே இருக்கும். இடையில் வைத்த கரு கிழக்குக் கடற்கரைச் சாலை வேகத்தடைக்கெல்லாம் நழுவாது. படுத்தே கிடப்பதால் பலன் கூடுவதில்லை என்று ஆய்வுகள் சொல்லியாயிற்று. மெல்லிய குழாய் வழியே சில நிமிடங்களில் கரு வைக்கும் வேலை முடியும். பெரும்பாலும் மயக்க மருந்தே வேண்டாம். ஸ்கேனில் தெளிவாகத் தெரியச் சிறுநீரை அடக்கிவைக்கச் சொல்வார்கள், அவஸ்தை அதுதான்! லேசாக ரத்தம் பட்டாலும் கரு தங்குவதற்காகத் தரும் புரொஜெஸ்டிரோன் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வயிறு உப்பி மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கரு தங்கியதா என்ற முடிவு, வைத்த 10 முதல் 14 நாளில் ரத்தப் பரிசோதனையில் தெரியும். மாமியாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.