அகர வரிசை ஒப்பித்தால் எழுத்து தெரிந்துவிட்டதா?

மூன்றரை வயதுக் குழந்தை ‘அ’வில் தொடங்கி மூச்சுவிடாமல் ‘ஔ’ வரை சொல்லி முடிக்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் கைதட்டுகிறார்கள். ஒருவர் சுவரில் ஒட்டிய அட்டையில் ‘எ’யைத் தொட்டு, “இது என்ன கண்ணு?” என்கிறார். குழந்தை விரலை ‘அ’வில் வைத்து, முதலிலிருந்து பாடிக்கொண்டே வருகிறது. ‘எ’ வரும்போது விரல் ‘ஏ’யில் இருக்கிறது.

பள்ளிக்கு முந்தைய வயதில் எழுத்தை எப்படி அறிமுகப்படுத்துவது என்பதில் வீடுகளிலும் நர்சரி வகுப்புகளிலும் பல நம்பிக்கைகள் உலவுகின்றன. சில, தாத்தா காலத்திலிருந்து வந்தவை. சில, பொம்மைக் கடை விளம்பரத்தில் பிறந்தவை. படப்புத்தகத்தைப் பார்க்கும் குழந்தையின் கண் எங்கே போகிறது, கையால் எழுதும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் ஆய்வாளர்கள் இன்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அவற்றோடு ஆறு நம்பிக்கைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: வரிசை தப்பாமல் சொன்னால் எழுத்து தெரிந்துவிட்டது.

உண்மை: வரிசையாகச் சொல்வது குழந்தைக்கு ஒரு பாட்டு. அது நல்ல பாட்டுதான். ஆனால் எழுத்தை அறிவது என்றால் உருவத்தைத் தனியே கண்டாலும் அடையாளம் தெரிய வேண்டும், அதன் ஒலி நினைவுக்கு வர வேண்டும், அந்த ஒலி ஒரு சொல்லுக்குள் கேட்கும்போது பிடிபட வேண்டும்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என்று 247 எழுத்துகள். இவற்றில் பெரும்பகுதி, சில குறிகளைக் கொண்டு கட்டப்பட்டவை. ஆனாலும் குழந்தைக்கு எல்லாம் எளிதாக இருப்பதில்லை. ‘கு, சு, டு, மு’ நான்கிலும் உகரம் ஒரே விதமாக ஒட்டிக்கொள்வதில்லை. ‘கெ’யில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. பெரியார் 1935-இலிருந்து தம் இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை 1978-இல் தமிழக அரசு ஏற்றபோது ணை, லை, னை, றா உள்ளிட்ட 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் நீங்கின. பிஞ்சு நினைவின் சுமை அந்த அளவுக்குக் குறைந்தது.

தமிழைப் போன்ற கட்டமைப்பு கொண்ட கன்னட எழுத்தைக் குழந்தைகள் கற்கும் வேகத்தை ஆராய்ந்தவர் பெங்களூருவைச் சேர்ந்த சோனாலி நாக். எழுத்துகள் முழுவதும் கைவசமாவது தொடக்கப்பள்ளி ஆண்டுகள் பலவற்றுக்கு நீள்வதை அவர் கண்டார். எல்.கே.ஜி. முடிவதற்குள் எல்லா எழுத்தும் வந்தாக வேண்டும் என்ற அவசரத்துக்கு எழுத்தின் இயல்பே இடம் கொடுக்கவில்லை.

நம்பிக்கை 2: ‘அ’வில் தொடங்கி வரிசைப்படிதான் கற்பிக்க வேண்டும்.

உண்மை: அகராதி பார்க்கும் வயதில் வரிசை தேவைப்படும். நான்கு வயதில் குழந்தைக்கு முதலில் பிடிபடும் எழுத்து பெரும்பாலும் அதன் பெயரின் முதல் எழுத்துதான். அமெரிக்க ஆய்வாளர் ரெபெக்கா ட்ரைமன் ஆங்கிலம் கற்கும் குழந்தைகளிடம் இதைத் தெளிவாகக் காட்டினார். மலர்விழிக்கு ‘ம’ அவளுடைய எழுத்து. மதுரை, மணப்பாறை, மன்னார்குடி என்று பேருந்துப் பலகைகளில் அதைத் தேடவிட்டால் ஒரு பயணமே பாடமாகிவிடும்.

அடுத்தது, எழுதவும் வாசிக்கவும் உடனே பயன்படும் எழுத்துகள். ப, ட, ம மூன்றும் புள்ளி வைக்கும் வழக்கமும் தெரிந்தால் போதும். படம், மடம், பட்டம் மூன்றையும் குழந்தையே வாசித்துவிடும். வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இந்த வெற்றிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

படத்தின் முதல் எழுத்தைக் கொண்டு கற்பிக்கும் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. ண, ள, ழ, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. வீணை, பள்ளம், பழம், பறவை, பனை என்று சொல்லின் நடுவிலோ முடிவிலோதான் அவற்றைக் கேட்கப் பழக்க வேண்டும். “பழம் என்று சொல்லும்போது நாக்கு எங்கே மடங்குது பார்!” என்று கண்ணாடி முன்னால் நிற்கவைத்து விளையாடினால் ‘ழ’ மறக்காது.

நம்பிக்கை 3: படப்புத்தகத்தை வாசித்துக் காட்டினாலே எழுத்து தானாக ஒட்டிக்கொள்ளும்.

உண்மை: கதை கேட்பதால் சொல்வளம் கூடும், வாக்கியம் பழகும், புத்தகத்தின் மேல் ஆசை வரும். எழுத்து தானாக ஒட்டுவதில்லை. காரணம் எளிது: குழந்தை எழுத்தைப் பார்ப்பதே இல்லை. லாரா ஜஸ்டிஸ் குழுவினர் 2005-இல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வில், பெரியவர் வாசிக்கும் நேரத்தில் குழந்தைகளின் பார்வை ஏறக்குறைய முழுவதும் படத்திலேயே நின்றது. அச்சிட்ட வரிகளுக்கு மிக அரிதாகவே சென்றது.

இதைச் சரிசெய்யத் தனிப் பாடம் வேண்டாம். வரியின் கீழே விரலை ஓட்டுவது, “இந்த யானை பெயர் எங்கே எழுதியிருக்கு?” என்று கேட்பது, “இங்கே உன் எழுத்து ஒண்ணு ஒளிஞ்சிருக்கு” என்று தூண்டிவிடுவது போதும். ஆசிரியர்கள் இப்படி எழுத்தின் பக்கம் கவனத்தைத் திருப்பி வாசித்த வகுப்புகளின் குழந்தைகள் இரண்டு ஆண்டு கழித்தும் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னணியில் இருந்ததை ஜஸ்டிஸும் ஷைன் பியாஸ்டாவும் 2012-இல் பதிவு செய்தார்கள்.

அளவு முக்கியம். பக்கத்துக்குப் பத்துக் கேள்வி கேட்டால் கதை செத்துவிடும். ஒரு கதைக்கு இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தினால் குழந்தையே நான்காவது இடத்தைக் காட்டும்.

நம்பிக்கை 4: இழுத்தால் எழும்பும், அழுத்தினால் பாடும் புத்தகம் என்றால் சீக்கிரம் கற்கும்.

உண்மை: வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சிந்தியா சியாங்கும் ஜூடி டிலோச்சும் ஏறக்குறைய மூன்று வயதுக் குழந்தைகளுக்கு வெவ்வேறு வகை எழுத்துப் புத்தகங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். இழுப்பதும் தடவுவதுமான வசதிகள் கொண்ட புத்தகத்தைவிட, சாதாரணப் படப்புத்தகத்திலிருந்தே குழந்தைகள் எழுத்துகளை அதிகம் கற்றார்கள். கை வேலையில் மனம் போய்விட்டால் எழுத்து கண்ணில் பட்டும் படாமல் கடந்துவிடுகிறது.

நல்ல படப்புத்தகத்துக்குப் பெரிய செலவும் இல்லை. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் படக்கதைகள் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக வாசிக்கலாம், இறக்கி அச்சிட்டும் கொள்ளலாம். பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய எழுத்து, படத்தோடு முட்டாத தெளிவான அச்சு: தேர்வுக்கு இவை போதும்.

நம்பிக்கை 5: புள்ளிக்கோட்டின் மேல் நோட்டு நோட்டாக எழுதினால்தான் எழுத்து பதியும்.

உண்மை: கரின் ஜேம்ஸும் லாரா ஏங்கல்ஹார்ட்டும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைத் தாமே வரைந்தார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் வரைந்தார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு மூளைப் படம் எடுத்துப் பார்த்தபோது, தாமே வரைந்த எழுத்தைக் கண்டபோதுதான் வாசிப்புக்கு உரிய பகுதிகள் விழித்துக்கொண்டன. கோணலும் மாணலுமாக வரைவதில்தான் பாடம் நடக்கிறது: எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் வளைவது என்று ஒவ்வொரு முறையும் குழந்தையே தீர்மானிக்கிறது.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியது இப்படித்தான். எழும்பூரில் இருந்த ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் இந்த மணல் எழுத்தைக் கண்டு தம் வகுப்பிலும் புகுத்தினார். அவர் 1797-இல் லண்டனில் வெளியிட்ட அறிக்கையால் அவருடைய கற்பித்தல் முறை ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. அந்தப் பெயரைத் தாங்கி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பள்ளி இன்றும் நடக்கிறது.

வீட்டில் ஒரு தட்டு, இரண்டு கைப்பிடி ரவை இருந்தால் போதும். விரல் போன தடத்தில் தட்டின் நிறம் தெரியும். தட்டை ஒரு குலுக்குக் குலுக்கினால் தவறும் போய்விடும். தண்ணீரில் தொட்ட தூரிகையால் மொட்டைமாடித் தரையில் எழுதலாம், மாவைத் திரித்து ‘ட’ செய்யலாம். பென்சிலைப் பிடிக்கும் வலு விரலுக்கு மெல்ல வரட்டும்.

நம்பிக்கை 6: எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதினால் ஏதோ குறைபாடு.

உண்மை: ஒரு பசு இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் அது பசுதான். மனிதப் பார்வை அப்படித்தான் பழகியிருக்கிறது. எழுத்துக்கு மட்டும் திசை முக்கியம் என்பதைக் குழந்தை புதிதாகக் கற்றாக வேண்டும். குழந்தைகள் எழுத்தைத் திருப்பி எழுதுவதைப் பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் இப்படித்தான் விளக்குகிறார். ‘ட’வின் கோடு சில காலம் இடப்பக்கம் நீள்வதும் இதனால்தான். ஏறக்குறைய ஏழு வயது வரை இது இயல்பு. அதற்குப் பிறகும் நீடித்து, சொல்லை ஒலி ஒலியாகப் பிரிப்பதிலும் எதுகைச் சொல் கண்டுபிடிப்பதிலும் குழந்தை தடுமாறினால், குழந்தைநல மருத்துவரிடமோ சிறப்பாசிரியரிடமோ காட்டுவது நல்லது.

முந்தித் தொடங்கியவர் முந்தியே இருப்பார் என்ற கவலையும் பெற்றோருக்கு வேண்டாம். ஐந்து வயதில் வாசிப்புப் பாடம் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் ஒப்பிட்டபோது, 11 வயதை ஒட்டி வாசிப்புத் திறனில் வேறுபாடு மறைந்திருந்தது. இந்தியாவில் 2022-இல் வெளியான அடித்தள நிலைக் கலைத்திட்டமும் மூன்று முதல் ஆறு வயதினருக்கு விளையாட்டு வழிக் கற்றலையே முன்வைக்கிறது. எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் பள்ளியில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடலாம்: குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் கதைப்புத்தகங்கள் இருக்கின்றனவா? ஒரு நாளில் எத்தனை முறை ஆசிரியர் உட்கார்ந்து கதை வாசிக்கிறார்? வீட்டுப்பாட நோட்டு எத்தனை என்பதை அதற்குப் பிறகு விசாரிக்கலாம்.